ஏழாம் எண் கிளிப்

ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. உன் அறை ஜன்னலுக்கு அம்மா புதுத் திரை தைத்து மாட்டியிருக்கிறாள். நீ வருவதற்குள் வெளுத்துப்போகும் என்று சொன்னால் கேட்கவில்லை. கப்பலில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன். ஏனென்றால் நான் உனக்குக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நான் நலமா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இன்று போனில் நீ கேட்டாய், "ஏன் குரல் கம்மியா இருக்கு?" என்று. சளி என்றேன். எனக்குச் சளி இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? அதனால்தான் இந்தக் கடிதம். வெளிச்சம் தெரியாமலிருக்கக் கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். வெளிச்சம் போகவில்லை, ஆனால் கூடத்திலிருந்து பசை வாசனை உள்ளே வருகிறது. அப்பா இன்னும் தூங்கவில்லை. அங்கே அவர் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் கடைசியில்தான் எழுத முடியும்.

நேற்றல்ல, அதற்கு முந்தைய சனிக்கிழமை நம் ரிமோட் விமானக் கிளப்பில் எல்லோரும் கடற்கரைச் சரிவுக்குப் போனோம். நீ கடைசியாக உன் கிளைடரைப் பறக்கவிட்டாயே, அதே சரிவு. காற்று கடலிலிருந்து நேராக வந்தது. கம்பில் கட்டிய ரிப்பன் ஒரு நிமிடம்கூடத் தொங்கவில்லை. இஞ்சின் இல்லாத விமானம் மணிக்கணக்கில் மேலே நிற்கிறதே எப்படி என்று வழியில் போகிறவர்கள் கேட்டார்கள். காற்று சரிவில் முட்டி மேலே ஏறுகிறது, கிளைடர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அப்பா எல்லோருக்கும் அலுக்காமல் சொன்னார்.

நான் வழக்கம்போலப் பலகையோடு உட்கார்ந்திருந்தேன். நீ போனதிலிருந்து பலகை என் பொறுப்பு. உனக்குத் தெரியாததில்லை, ஆனால் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கு வரும், பொறுத்துக்கொள். பலகையில் பத்துத் துணிக் கிளிப். ஒவ்வொன்றிலும் ஒரு சேனல் எண். ரிமோட்டை ஆன் செய்ய வேண்டுமென்றால் முதலில் உன் எண்ணுள்ள கிளிப்பை என்னிடம் வாங்கி ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் கையில் இல்லாதவன் ஸ்விட்சைத் தொடக் கூடாது. தொட்டால், அதே எண்ணில் வானத்தில் இருப்பவனுடைய கிளைடர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் கீழே வந்துவிடும். இந்தப் பழைய ரிமோட்டுகளை வைத்துக்கொண்டு நம் கிளப் இத்தனை வருடம் ஓடுவது அந்தக் கிளிப்புகளால்தான். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் நம் அப்பா.

ஏழாம் எண் உனக்கும் பஸ் டிரைவர் மாமாவுக்கும் பொது. ஒரே கிளிப்பை மாற்றி மாற்றி வாங்குவீர்கள். "உன் அண்ணன் கப்பலேறினதுல எனக்குத்தான் லாபம், கிளிப் பூரா எனக்கே," என்று அன்று காலையில்கூடச் சொல்லிச் சிரித்தார். அவருடைய புது மஞ்சள் கிளைடரை நீ பார்த்ததில்லை. எட்டு மாதம் சமையலறை மேசையில் வைத்துச் செய்தது. இறக்கையில் எங்கள் பள்ளிப் பேருந்தின் எண்ணைப் பெரிதாக எழுதியிருந்தார். "இதுவும் நேரத்துக்குத்தான் கிளம்புமா மாமா?" என்று கேட்டேன். "பஸ்ஸை விட நல்லா கிளம்பும், இதுல பசங்க கத்த மாட்டாங்க," என்றார். கிளிப்பை நான்தான் கொடுத்தேன். என் கையால். நன்றாக நினைவிருக்கிறது.

இனிதான் எழுத முடியாத இடம் வருகிறது.

உன் வெள்ளைக் கிளைடரும் ரிமோட்டும் அப்பாவின் வேனில் இருந்தன. "நான் வர்ற வரைக்கும் தொடாத," என்று நீ சொன்னது மறக்கவில்லை. காற்றுப் படட்டும் என்று கிளைடரை அப்பா எடுத்து வந்தார். பேட்டரி செத்திருக்கும் என்று அவர் நினைப்பு. ஆனால் நான் மூன்று இரவு யாருக்கும் தெரியாமல் சார்ஜ் போட்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் "ஒரே ஒரு தடவை விடட்டுமா" என்று கேட்பது என் திட்டம். நம் கிளப் செயலாளர், அதுதான் பல் டாக்டர் அங்கிள், என்னை 'டிராஃபிக்' என்று கூப்பிடுகிறார் தெரியுமா? கையைக் காட்டி எல்லா வண்டியையும் அனுப்புவேன், நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பேனாம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை.

கேட்டு, அப்பா சரியென்று சொல்லி, அப்புறம் பேட்டரி வேலை செய்யாமல் போனால் அசிங்கமாகிவிடுமே என்று தோன்றியது. தண்ணீர் பாட்டில் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனேன். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏரியலை இழுக்கவில்லை. மடக்கி வைத்திருந்தால் சிக்னல் வேனைத் தாண்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும் அண்ணா. நீயே சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ஸ்விட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. குச்சியை இடது பக்கம் தள்ளினேன், வலது பக்கம் தள்ளினேன். உன் கிளைடரின் வால் அசைந்தது. வாலை அசைக்கிற குட்டி மோட்டார் 'உய்ங்' என்றது. நீ வீட்டில் இருக்கும்போது கேட்கிற சத்தம். ஒரு இருபது எண்ணும் நேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

வெளியே கத்தினார்கள்.

அணைத்துவிட்டு ஓடினேன். மஞ்சள் கிளைடர் தலைகீழாக வந்துகொண்டிருந்தது. சரிவின் அடியில் நடைபாதை இருக்கிறதே, அங்கே ஒரு பெஞ்சில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சுக்கு நாலு முழம் தள்ளி இருந்த வேலியில் இடித்து நொறுங்கியது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. குழந்தையைக் குனிந்து மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். குழந்தை அழுத சத்தம் மேலே வரை கேட்டது. அப்பா இறங்கி ஓடி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

மாமா இறங்கிப் போகவில்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது பக்கம்தான் தள்ளினேன். தள்ளினதா நெனச்சேன். கை கேக்கல," என்றார்.

பல் டாக்டர் அங்கிள் எல்லா ரிமோட்டையும் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். "யாராச்சும் தெரியாம ஆன் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடுங்கப்பா. யாரும் அடிக்கப் போறதில்ல," என்றார். எல்லோரும் தங்கள் தங்கள் கிளிப்பைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு என்னைப் பார்த்து, "டிராஃபிக், நீ சொல்லு. ஏழாம் நம்பர் யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன், "மாமாகிட்டதான் இருந்துச்சு அங்கிள். வேற யாரும் வாங்கல." ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மையை வைத்தே இவ்வளவு பெரிய பொய் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் வேன் பக்கம் திரும்பி, "உங்க பையன் ரிமோட்டும் ஏழுதானே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சிரித்தார். "அது பேட்டரி செத்து ஆறு மாசமாச்சு. அப்படியே இருந்தாலும் என் பொண்ணு கிளிப் இல்லாம தொடுவாளா? வீட்டுல டிவி ரிமோட்டுக்கே கிளிப் கேக்கிறவ அவ." எல்லோரும் சிரித்தார்கள். மாமாகூடச் சிரித்தார். அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கை இன்னும் என் தலையிலேயே இருப்பது போல இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் வேறு டிரைவர். இவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் வந்து விழுகிறோம். பல் டாக்டருக்கு நல்ல வியாபாரம் என்று பையன்கள் சொல்கிறார்கள். மாமா லீவில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். நான் வழக்கமாக உட்காருவது அவர் இருக்கைக்கு நேர் பின்னால் என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை மாமா வீட்டு அத்தை நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் படிப்பது போலப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். மாமாவின் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதில் இப்படித்தான் ஆரம்பித்ததாம். முதலில் கை சொன்னதைக் கேட்கவில்லை, பிறகு சட்டைப் பொத்தான், பிறகு ஸ்பூன். மாமாவுக்கு வருகிற மாதம் நாற்பத்தைந்து. டாக்டரிடம் போனார்களாம். "ஒண்ணும் தெரியல, இன்னும் டெஸ்ட் எடுக்கணும், அதுவரைக்கும் பயப்படாம வேலையைப் பாருங்க," என்றாராம் டாக்டர். அதற்கு மாமா, "நாப்பது பிள்ளைங்களை உக்கார வச்சுக்கிட்டு டெஸ்ட் எடுக்க முடியுமா?" என்று கேட்டாராம். வண்டி ஓட்டுகிற வேலையே வேண்டாம் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டார். நாளை திங்கட்கிழமை காலை பஸ் டிப்போவில் கொடுக்கப் போகிறார். கழுவுகிற ஷெட்டில் வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்பாராம். இதைச் சொல்லும்போது அத்தை அழவில்லை. "ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு கையைப் பாக்குறாரு," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அம்மா என்னையும் அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வயிற்று வலி என்றேன், விடவில்லை. மாமா அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேல் இல்லாமல், வெறும் கையால். பக்கம் பக்கமாகக் கோடு. என்னைக் கூப்பிட்டு, "உன் கண்ணு நல்ல கண்ணு. நேரா இருக்கா பாரு," என்றார். நான் பார்த்தேன். எல்லாக் கோடும் நேராக இருந்தது அண்ணா. கணக்கு டீச்சர் போட்டால்கூட அவ்வளவு நேராக வராது. "நேராத்தான் இருக்கு மாமா," என்றேன். "இன்னிக்கி நேரா இருக்கு. அன்னிக்கி இல்லையே," என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏழாம் எண் கிளிப். அன்றைய கலவரத்தில் அவருடைய ஏரியலிலேயே தங்கிவிட்டது, பலகையில் ஒன்று குறைவதை நான்கூடப் பார்க்கவில்லை. "பலகையில மாட்டிடு. உன் அண்ணன் வந்தா இனிமே யார்கூடவும் பங்கு போட வேண்டாம்னு சொல்லு," என்றார். நான் சரி என்றேன். சரி என்று சொன்னேன் அண்ணா.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை. அன்று வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில், ஒருவேளை அவர் கைக்கு நிஜமாகவே ஏதாவது இருக்குமோ என்று தோன்றியது. அப்படி இருந்தால் தப்பு என்மேல் இல்லையே. அத்தோடு நிற்கவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தேன். தெருமுனை வரும்வரை அப்படித்தான் நினைத்தேன். காய்ச்சலில் கிடந்த என்னைப் பேருந்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலில் விட்டவர் அவர். ஸ்விட்சைப் போட்டதைக்கூட என்றாவது ஒருநாள் மறந்துவிடுவேன். இதை எப்படி மறப்பேன் என்று தெரியவில்லை.

முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தப்போடு போயிருக்கும். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருந்ததில் ஒவ்வொரு தப்பாகச் சேர்ந்து இன்றைக்கு ஒன்பது ஆகிவிட்டது. எனக்கு என்ன பயம் என்று நீ கேட்பாய். மாமா திட்டுவார் என்று பயமில்லை. கிளப்பில் இனிப் பலகையைத் தொட விடமாட்டார்கள், அதுகூடப் பரவாயில்லை. அப்பாவின் முகம்தான். எல்லோர் முன்னாலும் எனக்காகச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? அவருடைய ஏற்பாட்டை அவருடைய பெண்ணே உடைத்தாள் என்று ஆகுமே.

அவர் இப்போது கூடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மஞ்சள் கிளைடரைத்தான். வேலியடியில் கிடந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு பையில் போட்டு வந்திருந்தார். எட்டு நாளாக வேலை முடிந்து வந்து நடுநிசி வரை ஒட்டுகிறார். "இதைப் பார்த்தாவது அவர் மனசு மாறட்டும்," என்று அம்மாவிடம் சொன்னார். இன்று மாலை என்னைக் கூப்பிட்டு இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். இறக்கையில் எங்கள் பேருந்து எண்ணின் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. "சாயுது பார். நேராப் பிடிம்மா," என்றார்.

உனக்கு எழுதினால் என்ன செய்வதென்று நீ சொல்வாய் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இந்தக் கடிதம் நீ அடுத்து இறங்கும் துறைமுகத்துக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். மாமா டிப்போவுக்குக் கிளம்புவது காலை ஐந்தரைக்கு. இவ்வளவு எழுதிய பிறகுதான் எனக்கே விளங்குகிறது, பதில் வராத இடமாகப் பார்த்துத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னால் சொன்னது போலவும் ஆகும், யாருக்கும் தெரிந்ததாகவும் ஆகாது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், அலமாரிக் கண்ணாடியை நான் உடைத்தபோது செய்தது போல, நான்தான் என்று முன்னால் போய் நின்றிருப்பாய். நீ இல்லாதது நல்லதுதான்.

அதனால் மாமாவுக்குத் தனியாக ஒரு காகிதம் எழுதப் போகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மாற்றிச் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நம் வீட்டில் கூடத்தைக் கடக்காமல் வாசலுக்குப் போக முடியாது, உனக்குத் தெரியும்; கூடத்தில் அப்பா இருக்கிறார். எனவே அதை முதலில் படிக்கப் போகிறவர் அப்பா.

இது உன் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போனில் இதையெல்லாம் நீ கேள்விப்பட்டிருப்பாய். இனியாவது எனக்காகப் பேசாதே. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லாதே. தெரிந்துதான் செய்தேன். உன் கிளைடருக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியே இருக்கிறது. திட்ட வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஸ்பீக்கரிலேயே திட்டு. என்னோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நான் நலமா என்று நாளைக்குத்தான் தெரியும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கப்பல் மேல்தளத்தில் காற்று அடிக்கும்போது ஓரமாக நிற்காதே.

இப்படிக்கு,
உன் தங்கை

*

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை சரிவில் நீங்கள் இடது பக்கம்தான் தள்ளினீர்கள். உங்கள் கை நீங்கள் சொன்னதைக் கேட்டது. கிளைடர்தான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனின் ரிமோட்டை நான் ஆன் செய்திருந்தேன். கிளிப் உங்களிடம் இருப்பது எனக்குத் தெரியும். பேட்டரியை நான்தான் சார்ஜ் செய்தேன், அப்பாவுக்கு அது தெரியாது. இருபது எண்ணும் நேரம் குச்சியை ஆட்டினேன். பிறகு அங்கிள் கேட்டபோது மறைத்தேன். வெள்ளிக்கிழமை உங்கள் கோடுகளைப் பார்த்துவிட்டும் மறைத்தேன்.

நம்பிக்கை வராவிட்டால் அப்பா இரண்டு ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் வைத்தே செய்து காட்டுவார். நான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எட்டு மாதம் செய்ததை நான் உடைத்தேன். ஒன்பது நாள் உங்களையும் அத்தையையும் தூங்கவிடாமல் செய்தேன். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் எங்கே போய்த் தேடி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைத் தெரியும் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்க மட்டும் கேட்கிறேன்.

ஏழாம் எண் கிளிப்பை இதோடு வைத்திருக்கிறேன். அது பலகைக்குப் போக வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.

எழுதி வைத்திருக்கும் கடிதத்தை டிப்போவில் கொடுத்துவிடாதீர்கள் மாமா. பேருந்தை நீங்களே எடுங்கள். நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் நிறுத்தாமல் போனாலும் பரவாயில்லை, நடந்து போய்க்கொள்கிறேன். ஓட்டுவது நீங்களாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் இருக்கைக்குப் பின்னால் உட்காருகிறவள்